பால்மரமும் ரிட்லியின் பேச்சும்

சிங்கப்பூர்த் தமிழர் நாவில் பூமலை என்று வழங்கும் தாவரவியல் பூங்காவிற்கு 1890-களில் வந்து சென்ற தோட்டத் துரைமார் சிலர், வீடு திரும்பி மேலங்கியைக் கழற்றும்போது அதன் பையில் தாம் கேட்டு வாங்காத விதைகள் கிடக்கக் கண்டனர் என்று சொல்வதுண்டு. பளபளக்கும் பழுப்பு மேனியில் கரும்புள்ளி தெளித்தாற்போன்ற விதைகள் அவை. பேச்சுக்கு இடையே அவற்றைப் பையில் இட்டவர் பூங்காவின் இயக்குநர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. துரைமார் அவருக்கு இட்ட பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'. அவர் கொடுத்தனுப்பியவை ரப்பர் விதைகள்.

ஒரு விஞ்ஞானி, தம் ஆராய்ச்சியைத் துறையறிவு இல்லாதவரிடம் எடுத்துச் சொல்லி, அச்சொல்லால் ஒரு நாட்டின் முகத்தையே மாற்றிய வரலாறு இது. தமிழருக்கு இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதனைக் காணுமுன் அந்த ஆராய்ச்சி எத்தகையது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டி இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டுவந்தார். அவ்விதைகள் விரைவில் உயிர் இழப்பவை. ஆதலின் முளைத்தவை 3,000-க்கும் குறைவே. முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டில், 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் ரிட்லி இப்பூங்காவின் முதல் அறிவியல் இயக்குநராகப் பொறுப்பேற்றபோது சிங்கப்பூரில் வேரூன்றிய மரங்கள் பத்து வயதைக் கடந்து நின்றன. அவற்றால் என்ன பயன் என்று எவரும் கேட்கவில்லை. அதே 1888-இல்தான் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர் வளையத்தைச் சக்கரத்திற்குப் பொருத்திக் காப்புரிமை பெற்றார் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். தொலைவில் நடந்த அந்நிகழ்ச்சிக்கும் பூமலையில் கேட்பாரற்று நின்ற மரங்களுக்கும் உள்ள உறவை அன்று யார் அறிவார்?

பிரேசில் காட்டில் பால் எடுப்போர் சிறு கோடரியால் அடிமரத்தைக் கொத்தி, வழியும் பாலைச் சேர்த்தனர். கொத்து கட்டைவரை இறங்கும். காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாகத் தடித்துப் போகும். அவ்விடத்தில் மீண்டும் பால் எடுத்தல் அரிது. காட்டில் மரம் ஏராளம்; ஆகவே அங்கு இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. நட்டு வளர்ப்பவனுக்கோ ஒவ்வொரு மரமும் முதல்.

பால் ஓடும் நுண்குழல்கள் மரத்தின் பட்டையில், அதன் உட்புறத்தில் அமைந்துள்ளன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. கத்தி அப்படையைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுப் பட்டையை விட்டு நிறுத்தினால், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளரும். தொட்டுவிட்டால் மரம் ஊனமாகும். ரிட்லி பட்டையில் சாய்வான கோடு இட்டு, அதன் விளிம்பை மட்டும் மெல்லியதாகச் சீவும் முறையைப் பல சோதனைகளால் வகுத்தார். நடுவே ஒரு நெடுங்கோடும் இருமருங்கும் சாய்கோடுகளுமாக மீன்முள்ளைப் போல் அமைந்த வெட்டு அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது.

அவருடைய சோதனைகளுள் வியப்புக்குரியது இன்னொன்று. ஒருமுறை சீவிய கோட்டைச் சில நாட்களில் மீண்டும் சீவினால் பால் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். மரமோ கூடுதலாகப் பால் சுரந்தது. காயத்தைத் திரும்பத் திரும்பத் திறத்தலே சுரப்பைத் தூண்டியது. கறக்கக் கறக்கப் பால் ஊறும் பசுவை அறிந்த சிற்றூரார்க்கு இச்செய்தி அவ்வளவு புதுமையாகத் தோன்றியிராது. தாவரவியலார்க்கு இது புதுமை. விடியற்காலையில் சீவுவதே சிறந்தது என்பதையும் அவர் கண்டார். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியபின் குழல்களில் அழுத்தம் தளர்ந்து ஓட்டம் குறைந்துவிடும்.

இவ்வளவும் கண்டாயிற்று, கேட்பார்தாம் இல்லை. மலாயாத் துரைமாரின் மனம் அந்நாளில் காப்பியில் இருந்தது. இலங்கையில் இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்த கதை தெரிந்திருந்தும், மலாயாவில் அதையே நட்டனர். ரப்பர் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். விற்குமோ விற்காதோ தெரியாது. காப்பி ஆண்டுதோறும் காசு. அவர்களை அறிவிலிகள் என்று கூறுவது முறையாகாது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவன், ஓர் அரசு ஊழியரின் ஆர்வத்தை நம்பி ஆறு ஆண்டு காத்திருப்பானா?

பொதுமக்களுக்கு அறிவியல் உரைத்தல் அந்நூற்றாண்டில் புதியதன்று. இலண்டனில் ராயல் நிறுவனத்தார் (ராயல் இன்ஸ்டிடியூஷன்) 1825 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோர்க்கென உரைகள் நடத்தினர். மைக்கேல் பாரடே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து அதன் சுடரைக்கொண்டே வேதியியலை விளக்கினார். ஆனால், அங்கே வந்தமர்ந்தோர் அறிந்துகொள்ள விரும்பி வந்தவர்கள். ரிட்லிக்கு வாய்த்தவரோ வேறு வேலையாய் வந்தவர்கள். அவர் 1891-இல் வேளாண்மைச் செய்தி வெளியீடு ஒன்றைத் தொடங்கி எழுதினார். எழுத்து ஒருபுறம் இருக்க, வந்தவரை மரத்தடிக்கே அழைத்துச் சென்று, பட்டையைச் சீவிக் காட்டி, வடியும் பாலைக் கண்ணால் காணச் செய்தார். பின்னர் விதையைப் பையில் இட்டார். பேச்சு மறந்துபோகும், பையில் கிடக்கும் விதை உறுத்தும். (பிற்காலத்தில், 1930-இல், அவர் வெளியிட்ட பெருநூல் ஒன்றின் பொருள், உலகெங்கும் தாவரங்கள் எவ்வாறு பரவுகின்றன என்பது. காற்றும் நீரும் பறவையும் விதை பரப்பும் வகையை ஆராய்ந்த அவரே பரப்பிய விதைகளின் கணக்கு பெரிது: 1917-க்குள் பூமலையிலிருந்து சென்ற ரப்பர் விதைகள் 70 இலட்சத்திற்கு மேல்.)

அவர் சொல்லைக் கேட்டுப் பேரளவில் நட்டவருள் முதல்வராகக் குறிக்கப்படுபவர் மலாக்காவின் டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் அவர் ரப்பர் நட்டார். சிராங்கூன் சாலைக்குச் சற்று அப்பால், இன்றும் அப்பகுதித் தமிழர் நோயுற்றால் நாடிச் செல்லும் டான் டோக் செங் மருத்துவமனையின் பெயருக்குரிய வள்ளல், இவருடைய பாட்டனார். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. துரைமார் ஓடோடி வந்து விதை கேட்டனர். 1905-இல் மலாயாவில் ஏறத்தாழ 50,000 ஏக்கராக இருந்த ரப்பர், 1920-களில் 20 இலட்சம் ஏக்கரைத் தாண்டிப் பரவியது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. பைத்தியக்கார ரிட்லி 'ரப்பர் ரிட்லி' ஆனார்.

இதுவரை சொன்ன உரையாடலில் பேசியவரும் கேட்டவரும் இருவகையார்: அறிந்தவர், முதல் உடையவர். மரத்தைச் சீவிய கை மூன்றாமவருடையது. அக்கைகளுள் மிகப் பல தமிழ்க் கைகள்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியோர் கங்காணியின் சொல்லை நம்பி வந்தனர். 1907-இல் தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டபின் வரவு மேலும் பெருகிற்று. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை தோட்டங்களுக்கு ஆள் அனுப்புதல் தொடர்ந்தது. பொழுது புலருமுன் பிரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, இருளில் தம் நிரைக்குச் சென்ற ஆணும் பெண்ணும் ஒவ்வொரு நாளும் செய்தது ரிட்லி கண்ட சோதனையையேயாகும். விடியலில் ஏன் வெட்ட வேண்டும், கட்டையை ஏன் தொடக்கூடாது, வெட்டிய கோட்டையே ஏன் மீண்டும் சீவ வேண்டும் என்பவற்றிற்கெல்லாம் காரணம் இருந்தது. அக்காரணம் துரைக்கு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. தொழிலாளிக்கு அது காரணமாக வரவில்லை, கட்டளையாக வந்தது. மரத்தில் காயம் பட்டால் ஏச்சு விழும் என்பதே அவனுக்குக் கிட்டிய தாவரவியல்.

தமிழில் சொல்ல இயலாதிருந்ததோ எனில், இல்லை. ரிட்லி சிங்கப்பூருக்கு வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1847-இல், யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றிக் காட்டினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய பாடநூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. மனித உடலின் நரம்பையும் தசையையும் தமிழில் விளக்க முடிந்ததெனின், ஒரு மரத்தின் பட்டையை விளக்குதல் அரிதன்று. கிரீனுக்கு நோயாளியின் அருகே நின்று தாமே முடிவெடுக்கும் மருத்துவர்கள் தேவைப்பட்டனர். ஆகவே காரணத்தைச் சொன்னார். தோட்டத்திற்குத் தேவைப்பட்டது குறித்த நேரத்தில் குறித்த ஆழத்தில் சீவும் கை. காரணம் கேட்கும் வாய் தேவைப்படவில்லை. குறை ரிட்லி ஒருவருடையதென்று கொள்வதும் பொருந்தாது. அவர் தம்மைத் தேடி வந்தவரிடம் பேசினார். பால் வெட்டுவோன் பூமலைக்கு விருந்தினனாக வரும் காலம் அன்று இல்லை.

ஆயினும், சொல்லப்படாத காரணத்தைத் தொழிலாளர் அறியாமலே இருந்தனர் என்று கொண்டால் அது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. அவர்கள் வழங்கிய சொற்களே அதற்குச் சான்று. மரத்திற்குப் பால்மரம் என்றும் தொழிலுக்குப் பால் வெட்டு என்றும் பெயரிட்டனர். ரப்பர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தேய்த்தல் என்னும் பொருளே அடிப்படை. பென்சில் எழுத்தை அழிக்கப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. தமிழன் மரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தான். பால் ஏந்தும் கிண்ணத்தை மலாய்ச் சொல்லைச் சுருக்கி 'மங்கு' என்றான். மங்கில் தானே உறைந்தது கட்டிப்பால். வெட்டிய கோட்டின்மேல் காய்ந்து நூலாகப் படிந்தது கோட்டுப்பால்.

இக்கோட்டுப்பால் என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் வகை அது. மறுமுறை வெட்ட வருவோர் முதலில் அந்நூலை உரித்தெடுத்துக் கூடையில் இடுவர். பின்னரே கத்தி வைப்பர். மூடிய காயத்தைத் திறத்தல் என்று ரிட்லி எழுதியது எதுவோ, அதனைப் பால் வெட்டுவோர் நாள்தோறும் விரலால் செய்தனர்; அதற்குப் பெயரும் வைத்திருந்தனர். புதிதாகக் கப்பலில் வந்தவர்க்குப் பழையவர், எந்தச் சாய்வில் கோடு இழுத்தால் பால் சிந்தாமல் மங்கில் இறங்கும், எந்த மரம் மழைக்குப்பின் எப்படி நடக்கும் என்றெல்லாம் நிரையில் நின்றே சொல்லிக் கொடுத்தனர். இடப்புறம் மேலாகவும் வலப்புறம் கீழாகவும் கோடு சாய வேண்டும் என்பதற்குப் பிற்கால ஆய்வாளர் கூறும் காரணம், பால்குழல்கள் நேர்குத்தாக அன்றிச் சற்றே சாய்ந்து சுற்றிச் செல்வது. அவ்வாறு வெட்டினால் மிகுந்த குழல்கள் அறுபடும். காரணத்தை அறியாத கை, சாய்வை அறிந்திருந்தது.

இவையெல்லாம் தீபகற்பத்துத் தோட்டங்களில் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. சிங்கப்பூரின் வடபுலமும் ஒரு காலத்தில் பால்மரக் காடு. செம்பவாங், நீ சூன், மண்டாய்ப் பகுதிகளில் ரப்பர் நிரைகள் நின்றன. ரப்பரும் அன்னாசியும் விளைவித்துப் பெருஞ்செல்வரான லிம் நீ சூன் என்பாரின் பெயரே, சீன மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் என்று இன்று ஒரு நகருக்கு வழங்குகிறது. அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ள அவ்விடத்தில் மங்கு என்றால் என்னவென்று கேட்டால் மாணவர் பலர் விழிப்பர். தமிழ்வழியில் அறிவியல் கற்பித்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டபின், பட்டை, வளர்படை, பால்குழல் என்னும் சொற்களை வகுப்பறையில் கேட்கும் வாய்ப்பும் சிங்கப்பூரில் இல்லாமற்போயிற்று. தோட்டத்துச் சொற்களும் பாடநூற் சொற்களும் ஒன்றையொன்று சந்திக்காமலே இரண்டும் விடைபெற்றன.

பூமலை 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ரப்பர் ஆராய்ச்சியில் அதற்குள்ள பங்கு அச்சிறப்பிற்கு எடுத்துக்காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. ரிட்லி 1912-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, மலாயாத் தாவரங்களைப்பற்றி ஐந்து பெருந்தொகுதிகள் எழுதி, 1955-இல் நூறு வயது நிறைந்து, மறு ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கியூவில் காலமானார். அவர் நூறாண்டு நிறைவு கண்ட அந்நாளிலும் விடியுமுன் விளக்கோடு நிரைக்குச் சென்றவர்கள், கத்தி வைக்குமுன் கோட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.