விண்ணப்பிக்கத் தூண்டுவது எது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024-ஆம் ஆண்டு 6,244 பணியிடங்களுக்கு அறிவித்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது. ஆனாலும், பட்டதாரிகள் பெருமளவில் அதை எழுதுகின்றனர். தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்று தனியார் நிறுவனங்கள் குறைகூறும் காலத்தில்தான் இதுவும் நிகழ்கிறது. இதனை 'அரசு வேலை மோகம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

விண்ணப்பிக்கும் முன் மாணவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். ஊதியம் எவ்வளவு? தேர்வு முறை நேர்மையானதா? வேலை நிலைக்குமா? பணியிடங்களின் எண்ணிக்கை, ஊதிய விகிதம், வயது வரம்பு, இடஒதுக்கீடு, பாடத்திட்டம் ஆகிய அனைத்தையும் அரசு அறிவிக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. 'தகுதிக்கேற்ற ஊதியம்', 'முன் அனுபவம் தேவை' என்பதற்கு மேல் பல தனியார் விளம்பரங்கள் எதையும் சொல்வதில்லை.

2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. தேசிய சராசரி 28.4%. இவ்வளர்ச்சியால் கல்லூரிக்குள் வந்தவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். விளம்பரம் சொல்லாததைக் கேட்டறிய அவர்களுக்கு உறவினர் வட்டமோ, பரிந்துரைக்க ஆளோ இல்லை. எனவே, விதிகள் தெளிவாக உள்ள இடத்தையே அவர்கள் நாடுகின்றனர்.

இடமும் ஒரு காரணி. வளாக நேர்காணல்கள் பெரும்பாலும் பெருநகரப் பொறியியல் கல்லூரிகளைச் சுற்றியே நடக்கின்றன. சிற்றூர்க் கலை, அறிவியல் கல்லூரிகளை நிறுவனங்கள் எட்டிப் பார்ப்பது அரிது. மாணவியருக்கோ பாதுகாப்பான விடுதி, இரவுப் பேருந்து, குடும்பத்தின் இசைவு ஆகியவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

முன் அனுபவம் என்னும் தடையைத் தகர்க்கச் சட்டம் ஏற்கெனவே உள்ளது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சிக்கு வழி திறந்தது. அந்த வாய்ப்பை இறுதியாண்டு மாணவர்களிடம் கொண்டு சேர்ப்பது கல்லூரிகளின் கடமை.

ஊதியத்தையும் தேர்வு முறையையும் விளம்பரத்திலேயே வெளியிடுவதை நிறுவனங்கள் வழக்கமாக்க வேண்டும். இல்லையெனில், சில ஆயிரம் இடங்களுக்காக லட்சக்கணக்கான இளைஞர்கள் தம் இருபதுகளைப் பயிற்சி மையங்களிலேயே கழிப்பது தொடரும். அந்த ஆண்டுகளை எந்தத் தேர்வாணையமும் திருப்பித் தர இயலாது.