திறப்பைத் தேடினவர்கள்

2008 யூலையில் பிரேசில் பொலிஸ், டானியல் டான்டாஸ் எண்ட வங்கியாளரின் றியோ டி ஜெனீரோ வீட்டில் ஐந்து ஹார்ட் டிஸ்க்குகளைக் கைப்பற்றியது. நிதிக் குற்ற விசாரணை. டிஸ்க்குகள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. நாட்டின் குற்றவியல் நிறுவனம் ஐந்து மாதம் முயன்றும் சரிவரேல்ல. 2009இல் எஃப்.பி.ஐக்கு அனுப்பினார்கள். அவர்களும் ஒரு வருடம் சொல் சொல்லாகப் போட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்க்குகளைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

எஃப்.பி.ஐயாலயே ஏலாததா எண்டு கேட்கத் தோன்றும். எங்கட லப்டொப்களில் பிட்லொக்கர் கேட்கிற 48 இலக்க மீட்புத் திறப்பை எடுத்துப் பாருங்கோ. செக்கனுக்கு இலட்சம் கோடி திறப்புகளைப் போட்டுப் பார்த்தாலும், எல்லாவற்றையும் முடிக்க இலட்சம் கோடி கோடி ஆண்டுகள் வேணும். அதால, திறந்தவர்களின் வரலாறு கணக்கை வென்ற வரலாறு இல்லை. திறப்பு எங்க கிடந்தது எண்டு கண்டுபிடித்த வரலாறு.

அதே 2008 பெப்ரவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி ஒரு இடத்தைக் காட்டினார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது திறப்பு றாம் நினைவகத்தில் இருக்கும். கரண்ட் போனதும் அது அழிந்துவிடும் எண்டுதான் பலரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் சில செக்கன்கள் தங்கும். குளிர்ந்தால் இன்னும் கனநேரம். கீபோர்ட் தூசி ஊதுகிற காற்று டின்னைத் தலைகீழாகப் பிடித்து அடித்து, நினைவகத்தைச் சைபருக்குக் கீழே 50 பாகை வரை குளிர்த்தினார்கள். தரவு நிமிடக்கணக்கில் நின்றது. வேறு கணினியில் போட்டுத் திறப்பை வாசித்துவிட்டார்கள், பிட்லொக்கர் உட்பட. (காற்று டின்! எங்களுக்கு இந்தக் கதையில மிகவும் பிடிச்ச சாமான் அதுதான்.) ஆனால் லப்டொப்பை முழுதாக நிறுத்திக் கொஞ்சநேரம் போனால் நினைவகத்தில் திறப்பு தங்காது.

2013 ஒக்டோபர் 1இல், சில்க் ரோட் என்ற இரகசியச் சந்தையை நடத்திய ரொஸ் உல்பிரிக்டை சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் பிடித்தபோது எஃப்.பி.ஐ குளிர்த்தக்கூட இல்லை. பின்னால் இரண்டு பேர் சண்டை பிடிப்பதுபோல் நடித்தார்கள். அவர் திரும்பின நேரம் திறந்திருந்த லப்டொப்பைப் பறித்தார்கள். மூடியிருந்தால் டான்டாஸின் கதைதான்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது உறுத்துகிறது. ஆர்க்கிமிடீஸின் எழுத்தைச் சுரண்டி, அதே தோலில் பிரார்த்தனைகளை எழுதினார்கள். நூற்றாண்டுகள் கழித்து அடியில் இருந்த எழுத்தைக் கருவிகளால் வாசிக்க முடிந்தது. பழுதான குறியாக்க டிஸ்க்கைத் திருத்தினாலோ, வருவது குறியாக்கம் செய்த குப்பை மட்டும்தான். ஆய்வுக்கட்டுரைக்காக நாங்கள் பதிந்து வைத்திருக்கும் நேர்காணல்களை யோசியுங்கோ. பேசினவர்களை வேற்றுக் கண்களிடமிருந்து காக்கிற அதே பூட்டு, மதர்போர்ட் மாற்றின அடுத்தநாள் எங்களையும் வெளியில் நிறுத்தும். பூட்டே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். அந்தக் குரல்களை நம்பித் தந்தவர்கள் இருக்கிறார்கள்.

புது விண்டோஸ் லப்டொப்களில் பலது, மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மீட்புத் திறப்பும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. வாங்கின அன்று கடைக்காரர் தன்ர மின்னஞ்சலைப் போட்டுத் திறந்திருந்தால், உங்கட 48 இலக்கமும் அவரின் கணக்கில கிடக்கக்கூடும். கட்டுரை கையளிக்க முதல் ஒருக்கா பார்த்து, கடதாசியில் எழுதி வையுங்கோ.