கணைய நொதி மருந்து: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் தேர்வு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபுவழி நோய். இதில் கெட்டியான சுரப்பு கணையக் குழாய்களை அடைத்துவிடுவதால், கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸ் நொதி குடலை எட்டுவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள மலம், எடை குன்றல், ஏ, டி, ஈ, கே வைட்டமின் குறைபாடு ஆகியவை இதன் விளைவுகள். இந்த நொதியை ஈடுகட்டவே உணவோடு கணைய நொதி மருந்து தரப்படுகிறது. ஆகவே அம்மருந்தை அதன் பெயரைப் பார்த்தோ குளிகைகளின் எண்ணிக்கையைப் பார்த்தோ தேர்ந்தெடுப்பது தவறு. லிப்பேஸ் அலகே அளவுகோல். உணவின் கொழுப்புக்கேற்ப அளவு மாறுவதால், தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்குக்கும் வெறும் இட்லிக்கும் ஒரே அளவு பொருந்தாது. அதிக அளவு கூடுதல் பலன் தரும் என்ற வாதமும் நிற்காது. வீரியம் மிகுந்த நொதி உட்கொண்ட குழந்தைகளிடம் பெருங்குடல் சுருக்கம் 1994இல் பிரிட்டனில் பதிவானது. அதன்பின் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு வேளைக்கு 2,500, நாளுக்கு 10,000 அலகு என உச்சவரம்பு வகுக்கப்பட்டது.

பத்து காவான் போன்ற பினாங்குப் பகுதிகளில் எழும் வலுவான ஆட்சேபம் வேறு: வழக்கத்திலுள்ள நொதிகள் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் தயக்கம் நியாயமானது. ஆயினும் மாற்று இல்லாத நிலையில் மருந்துக்கு இடமளிக்கும் ‘தரூரா’ கோட்பாடு இஸ்லாமியச் சட்டத்திலேயே உண்டு. மார்க்க அறிஞரிடமும் மருத்துவரிடமும் பேசித் தெளியலாம். உறையில்லாத் தூள் போதாதா என்றால், வயிற்று அமிலம் லிப்பேஸைச் சிதைத்துவிடும். ஆகவே உறையிட்ட மணிகளை மெல்லாமல் விழுங்க வேண்டும். குழந்தைக்கென்றால் குளிகையைத் திறந்து ஆப்பிள் கூழில் தூவித் தரலாம், பாலில் கலக்கக் கூடாது. மலேசிய வெக்கையில் நொதி வீரியம் இழக்கும். மருந்தை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள்.