சொப்புக்குள் ஒரு சமையலறை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்குச் செல்லும் வழியெங்கும் கடைகள் முளைத்துவிடும். நேந்திரங்காய் வறுவலுக்கும் அல்வாவுக்கும் மங்குஸ்தான் பழங்களுக்கும் நடுவே, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மரச் சொப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். அருவியில் குளித்துவிட்டுத் தென்காசி வழியாக ஊர் திரும்புவோர் பலரின் பைகளில், வீட்டிலுள்ள குழந்தைக்கென ஒரு சொப்புப் பெட்டி இருக்கும். விளையாட்டுச் சாமான்தானே என்று நாமும் பல ஆண்டுகள் இவற்றைக் கடந்து போயிருக்கிறோம். ஆனால், பொருள்களின் தோற்றம் குறித்துத் தொழில்முறை வடிவமைப்புத் துறையினர் ஏறத்தாழ நூறாண்டுகளாகக் கேட்டு வரும் ஒரு கேள்விக்கு இச்சொப்புகளிடம் விடை இருப்பதாக இப்போது எமக்குத் தோன்றுகிறது. ஒரு பொருளை இன்ன பொருள் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது எது என்பதே அக்கேள்வி.

மேலை நாடுகளில் இக்கேள்வி சந்தையிலிருந்து பிறந்தது. 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கார்களின் அழகைக் கவனிப்பதற்கென்றே ஹார்லி ஏர்லின் தலைமையில் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 1929இல் ரேமண்ட் லோவி என்பவர், உறுப்புகள் வெளியே துருத்திக்கொண்டிருந்த கெஸ்டட்னர் படியெடுக்கும் பொறியைக் களிமண்ணால் பொதிந்து, அதற்குப் புதியதொரு மேலுறையை வடித்துக் கொடுத்தார். உள்ளே இருந்த இயந்திரத்தில் பெரிய மாற்றம் இல்லை, தோற்றம்தான் மாறியது. மக்கள் புதுமையை விரும்புவார்கள், ஆனால் அடையாளம் தெரியாத அளவுக்குப் புதியதாக இருந்தால் விலகிவிடுவார்கள் என்பது லோவியின் கொள்கை. பழகிய முகம் எவ்வளவு எஞ்சியிருக்க வேண்டும் என்பதே அவர் தொழிலின் மையச் சிக்கலாக இருந்தது.

இந்தியாவில் இக்கேள்வி வேறு வாசல் வழியாக நுழைந்தது. அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்து பயணம் செய்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவானதற்கு அதுவே அடிப்படை. இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் மிக அழகியதாக அவர்கள் எடுத்துக்காட்டியது, நாம் தினமும் கையாளும் செம்பை. கைக்குள் அமைவது, இடுப்பில் தங்குவது, நீரை ஊற்றுவது, துலக்க எளிதாயிருப்பது என அதன் வடிவத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்களை அவர்கள் நீளமாகப் பட்டியலிட்டனர். தனியொருவர் வடிவமைத்ததன்று, தலைமுறைகள் சேர்ந்து செதுக்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

செம்பைப் பற்றிப் பேசிய பின் சொப்புக்கு வருவது எளிது. செப்பு என்ற சொல்லே பேச்சில் சொப்பாயிற்று. தாமிரத்தையும் சிமிழையும் குறித்த அச்சொல் விளையாட்டுப் பாத்திரத்துக்கும் பெயராகிவிட்டது. சொப்புக்குப் பெயர் பெற்ற ஊர் அம்பாசமுத்திரம். தென்காசியிலிருந்து திருநெல்வேலி செல்லும் இரயில் பாதையில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு இரண்டு ஊர்களும் வெவ்வேறு மாவட்டங்களுக்கு உரியவை ஆகிவிட்டன. ஆயினும் குற்றாலத்துக் கடைவீதி அந்த எல்லையைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

சொப்பு செய்யும் முறை எளியது. மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் கடைந்து உருவம் கொண்டுவருவார்கள். சுழற்சி நிற்கும் முன்பே வண்ண அரக்குக் கட்டியை மரத்தின் மேல் அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாக்கத்திலும் இதே தொழில்தான்.

இனி, ஒரு சொப்புக் குடத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பித்தளையின் நிறமில்லை, கனமில்லை, ஓசையில்லை. நீர் எடுக்கும் வேலையும் இல்லை. ஆயினும் இரண்டு வயதுக் குழந்தைகூட அதைக் குடம் என்றே சொல்லும். உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, விரிந்த வாய் ஆகிய மூன்றும் இருப்பதுதான் காரணம். ஆட்டுக்கல்லுக்கு நடுக்குழியும் குழவியும் போதும். உரலுக்கு இடை சிறுத்த உடலும் ஓர் உலக்கையும் போதும். எதையெல்லாம் விட்டுவிடலாம், எதை விட்டால் பொருளே போய்விடும் என்பதைக் கடைசல்காரர்கள் கைப்பழக்கத்திலேயே கண்டறிந்திருக்கிறார்கள். லோவி தேடிய எல்லைக்கோட்டை அவர்கள் விரற்கடை அளவில் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உருவத்தையே வலியுறுத்தினார் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்ததே. உருவம் அமையாவிட்டால் கருத்து எவ்வளவு உயர்ந்ததாயினும் அது கவியாகாது என்பது அவர் நிலைப்பாடு. சொப்பைப் பார்க்கும்போது அந்த வாதம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

ஆனால் அந்த மூன்று கூறுகளும் எங்கிருந்து வந்தன? கழுத்து ஒடுங்கியது, இடுப்பில் வைத்த குடத்தைக் கை வளைத்துப் பிடிப்பதற்காக. வாய் விரிந்தது, விரல் பற்றித் தூக்குவதற்காக. வடிவம் என்பது உடலின் உழைப்பு பொருளில் பதித்துவிட்ட தடம். ஆகவேதான் பித்தளை போய் எவர்சில்வரும், அதன்பின் பிளாஸ்டிக்கும் வந்தபோதும் தெருக்குழாயடியில் குடம் குடமாகவே இருந்தது. சுமக்கும் இடுப்பு மாறவில்லை, வடிவமும் மாறவில்லை.

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை. 1950களில் கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் உருவானது. 1960களில் சுமீத் மிக்சி வந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியதும் ஏழை வீடுகளிலும் கல் ஓய்வு பெற்றது. தோளும் முதுகும் நோக அரைத்த பெண்களுக்கு அது விடுதலை. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. பழைய அடுக்களையைப் புகழ்ந்து ஏங்குவோரில் பலர் அரைத்தறியாதவர்கள்.

உழைப்பு நின்ற இடத்தில் வடிவமும் நின்றது. கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போடப்பட்ட ஆட்டுக்கல், இப்போது சொப்புப் பெட்டிக்குள் மட்டும் நிமிர்ந்திருக்கிறது. தான் ஒருபோதும் நேரில் காணாத பொருளின் வடிவத்தைக் குழந்தை பொம்மையில் முதலில் அறிகிறது. குழவியைப் பிடித்துச் சுற்றவும் செய்கிறது. அந்த அசைவை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வடிவமே சொல்லிவிடுகிறது.

இந்நாளைய சொப்புத் தொகுப்புகளில் காஸ் அடுப்பும் மிக்சியும் சேர்ந்திருக்கின்றன. அது இயல்பே, சொப்பு எப்போதும் தன் காலத்து அடுக்களையின் நகல்தான். ஆனால் பொம்மை மிக்சியை வைத்துக்கொண்டு குழந்தை செய்வது, விரலால் தட்டிவிட்டு வாயால் ஒலி எழுப்புவது. உறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அப்பெட்டி வடிவம் வெளியே காட்டுவதில்லை. லோவி காலத்தில் தொடங்கிய மேலுறை, சொப்புக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டது.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் செல்லும் நண்பர்கள் ஒரு சொப்புப் பெட்டி வாங்கி வாருங்கள். ஆட்டுக்கல்லையும் மிக்சியையும் அருகருகே வைத்து, வீட்டிலுள்ள குழந்தை எதை எப்படிக் கையாள்கிறது என்று சற்றே பொறுமையாகக் கவனியுங்கள். நாம் இங்கே இத்தனை பத்திகளில் சொல்ல முயன்றதை அது இரண்டு நிமிடத்தில் செய்து காட்டிவிடும்.