விடுதிப் பியானோக்காரர் வெதர்ஃபோர்ட்

1926 மே மாதம் சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் வெண்டோம் இசைக்குழு இரண்டு பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்தது. டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோவில் டெடி வெதர்ஃபோர்ட். வெண்டோம் ஒரு சினிமா கொட்டகை. பேசாத படம் ஓடும்போது வாசிப்பதுதான் அந்தக் குழுவின் அன்றாட வேலை. சிகாகோ பியானோக்காரர்களில் முன்வரிசையில் இருந்த வெதர்ஃபோர்ட் அந்த ஆண்டே ஜாக் கார்ட்டரின் குழுவோடு கிழக்கே கப்பலேறினார். மிச்ச வாழ்நாளின் பெரும்பகுதி ஆசியாவில்தான் கழிந்தது.

செங்கல்பட்டில் மாதா கோயில் ஆர்மோனியத்தில் விரல் பழகி, இன்று மாமல்லபுரத்துக் கடலோர விடுதிகளில் வாசித்துப் பிழைக்கிறவள் நான். ஜாஸ் உலகில் எனக்கு இவரைவிட நெருங்கியவர் இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இவரை நாலு வரியில் தாண்டிவிடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் வாசிப்பதைக் கலையில் சேர்க்க மனம் வராததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டவர்கள் அப்படி ஒதுக்கமாட்டார்கள்.

ஷாங்காயில் சில ஆண்டுகள். 1934இல் பக் கிளேட்டனின் குழுவை அமெரிக்காவிலிருந்து அந்த ஊருக்கு வரவழைத்ததில் இவருக்குப் பங்குண்டு. பிறகு பம்பாய் தாஜ்மகால் ஓட்டல்.

1937இல் பாரிஸ் போனபோது, அதே ஆண்டு ஜாஸுக்கென்றே தொடங்கிய ‘ஸ்விங்’ கம்பெனிக்காகத் தனியாகச் சில பாட்டுகளை வாசித்துப் பதிந்தார். ‘டீ ஃபார் டூ’ அவற்றில் ஒன்று. அந்தப் பதிவுகளில் இடது கையைக் கவனிக்க வேண்டும். அடிக்கட்டையில் ஆழமான சுரம் ஒன்றைத் தொட்டதும் கை நடுவுக்குத் தாவிக் கார்டு போடும். உடனே மறுபடி கீழே பாயும். ஸ்ட்ரைட் என்பது இந்த வாசிப்புதான். பாஸும் டிரம்ஸும் இல்லாமலே தாளம் நிற்கும். வலது கை அதன்மேல் இஷ்டம்போல் திரியலாம். வேகத்தில் பழகினால் அரைமணியில் முன்கை கடுக்கும். பார்க்காமல் தாவி, சரியான கட்டையில் விழ வருடக்கணக்காகும். ராத்திரிக்கு ராத்திரி ஆட்டக்காரர்களின் காலுக்கு வாசித்தவருக்குத்தான் இவ்வளவு உறுதி கைவரும் என்பது என் கட்சி. ஓட்டல் வேலை அவரைக் கெடுத்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அவர் வாசித்த ஊர்களும் லேசானவை அல்ல. எங்கள் கரையில் உப்புக்காற்று பட்டால் பியானோத் தந்தி துருப்பிடிக்கும், ஃபெல்ட் ஈரம் குடிக்கும், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சுருதி நிற்காது. ஷாங்காய், பம்பாய், கொழும்பு, கல்கத்தா எல்லாமே அப்படி ஈரம் ஊறிய ஊர்கள்தான்.

போர்க்காலத்தில் கல்கத்தா சௌரங்கியிலுள்ள கிராண்ட் ஓட்டலில் குழு நடத்தினார். அங்கே கொலம்பியா கம்பெனிக்காகப் பல பாட்டுகள் பதிவாயின. அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் பாடகர், ஊதுகருவிகள், இவருடைய பியானோ எல்லாருக்கும் இடம் வேண்டும். பாரிஸ் பதிவுகளில் கேட்ட விஸ்தாரம் இவற்றில் இல்லை. ஆனால் குழுவை அடியிலிருந்து தாங்கும் அந்த இடது கை இருக்கிறது. அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

1943இல் வங்காளப் பஞ்சம். கல்கத்தா நடைபாதைகளில் ஜனங்கள் பட்டினியால் விழுந்து செத்தார்கள். ஓட்டலுக்குள் அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஆட்டம் நடந்தது. அந்தத் தட்டுகளை இதை ஒதுக்கிவிட்டுக் கேட்க என்னால் முடியவில்லை. 1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்டும் அதே ஊரில் காலராவில் இறந்தார். வயது 41.

அவருடைய கல்கத்தாக் குழுவில் இந்த மண்ணின் கலைஞர்கள் பலர் இருந்தார்கள். டிரம்பெட் வாசித்த ஜார்ஜ் பேங்ஸ் நேபாள வம்சத்தவர். அவர் 1941இல் டார்ஜிலிங்கில் பிறந்த தன் மகனுக்கு ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாக லூயி என்று பெயர் வைத்தார். அந்த மகன் வளர்ந்து கல்கத்தா ஓட்டல்களிலேயே பியானோ வாசித்துப் பேரெடுத்தார். லூயிஸ் பேங்ஸ் என்று நாடறியும்.