யாருக்கு வாக்கு, யாருக்குப் போட்டியிடும் உரிமை? அமெரிக்கத் தொழிற்சங்கத் தேர்தல் வழக்குகள், 1959–1984

முன்னுரை

தொழிற்சங்க நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உறுப்பினர்களுடையது. ஆனால் யார் உறுப்பினர், யாருக்கு வாக்கு, யார் போட்டியிடலாம் என்பதைப் பெரும்பாலும் பதவியில் இருப்பவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். இந்த முரண்பாட்டை அமெரிக்கச் சட்டமும் நீதிமன்றங்களும் கால்நூற்றாண்டுக் காலம் எப்படிக் கையாண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1959ஆம் ஆண்டுச் சட்டம்

செனட் உறுப்பினர் மெக்கிளெல்லன் தலைமையிலான குழு 1957 முதல் நடத்திய விசாரணை, சில பெரிய சங்கங்களில் நிலவிய ஊழலையும் அடாவடியையும் நாட்டுக்குக் காட்டியது. அதன் விளைவாக 1959 செப்டம்பரில் லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேசிய சங்கங்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் உள்ளூர்க் கிளைகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் தேர்தல் நடத்த வேண்டும். கிளைத் தேர்தலில் வாக்கெடுப்பு ரகசியமாக இருக்க வேண்டும். சங்கத்தில் நல்ல நிலையில் உள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வாக்கு உண்டு. சந்தாவைச் சம்பளத்திலிருந்து முதலாளியே பிடித்துக் கட்டும் இடங்களில், அந்தப் பணம் தாமதமாக வந்தது என்று காரணம் காட்டி உறுப்பினரின் வாக்கைப் பறிக்க முடியாது. போட்டியாளருக்கான தகுதிகள் நியாயமானவையாகவும் எல்லோருக்கும் ஒரே சீரானவையாகவும் இருக்க வேண்டும்.

உரிமை உறுப்பினருக்கு, அதற்காக வழக்குத் தொடுக்கும் அதிகாரமோ தொழிலாளர் துறைச் செயலருக்கு. உறுப்பினர் முதலில் சங்கத்துக்குள் முறையிட வேண்டும். மூன்று மாதத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் துறைக்குப் புகார் தரலாம். விதிமீறல் தேர்தல் முடிவைப் பாதித்திருக்கக்கூடும் என்று நீதிமன்றம் கண்டால் மறுதேர்தலுக்கு உத்தரவிடும்.

கப்பல் பொறியாளர் சங்க வழக்கில் (கால்ஹூன் எதிர் ஹார்வி, 1964) இந்தப் பிரிவினை உறுதியானது. அச்சங்கத்தில் அப்போது ஒருவர் தன்னைத் தவிர வேறு எவரையும் முன்மொழிய முடியாதிருந்தது. போட்டியிட ஐந்து ஆண்டு உறுப்பினர் காலமும் குறிப்பிட்ட நாள்கள் கடற்பணியும் தேவைப்பட்டன. தகுதி விதிகளைப் பற்றிய இத்தகைய புகாரை உறுப்பினர் நேராக நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது, செயலர் வழியாகவே வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

சுரங்கத் தொழிலாளர் சங்கம்: தாமதத்தின் விலை

அந்த வழியின் குறையை 1969ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தேர்தல் கொடூரமாக வெளிப்படுத்தியது. தலைவர் டோனி பாய்லை எதிர்த்து ஜோசப் யாப்லான்ஸ்கி நின்றார். ஓய்வூதியம் வழங்கும் நலநிதியின் அறங்காவலராகவும் பாய்ல் இருந்தார். தேர்தல் ஆண்டிலேயே ஓய்வூதியம் மாதம் 115 டாலரிலிருந்து 150 டாலராக உயர்த்தப்பட்டது. ஓய்வுபெற்றோருக்கும் வாக்கு இருந்தது. பணியில் இருப்போர் பத்துப் பேர்கூட இல்லாத கிளைகளைச் சங்க விதிப்படி கலைத்திருக்க வேண்டும். அவற்றுள் பல கலைக்கப்படாமல் நீடித்து, பாய்லுக்கு வாக்குகளைத் தந்தன. சங்க இதழும் சங்கப் பணமும் அவருக்காகவே செலவாயின. வாக்குப்பதிவுக்கு முன்பே யாப்லான்ஸ்கி முறையிட்டார். தேர்தல் முடியும்வரை விசாரிப்பதில்லை என்று தொழிலாளர் துறை ஒதுங்கிக்கொண்டது.

டிசம்பர் 9 அன்று நடந்த தேர்தலில் பாய்ல் வென்றதாக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 31 அன்று யாப்லான்ஸ்கியும் மனைவியும் மகளும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு ஏற்பாடு செய்தவர் பாய்லே என்பது 1974இல் நீதிமன்றத்தில் நிரூபணமானது. கொலைக்குப் பிறகே துறை முழு விசாரணையில் இறங்கி, 1970இல் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கில் ஒரு சாதாரண உறுப்பினரும் தன்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1972 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது (டிர்போவிச் வழக்கு). அதே ஆண்டு மே மாதம் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. டிசம்பரில் அரசின் மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் ஆர்னால்ட் மில்லர் பாய்லைத் தோற்கடித்தார். நீதி வந்து சேர மூன்று ஆண்டு ஆனது.

தகுதி விதிகளுக்கு உரைகல்

போட்டியிடும் தகுதியில் நீதிமன்றம் துணிவாக முன்சென்றது. நியூயார்க் ஓட்டல் ஊழியர் சங்கத்தின் ஆறாம் கிளையில் முன்பு பதவி வகித்தவர்களே முக்கியப் பதவிகளுக்குப் போட்டியிட முடிந்தது. 27,000 உறுப்பினர்களில் தகுதி பெற்றவர்கள் 1,725 பேர் மட்டுமே. 1968இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியை நியாயமற்றது என்றது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 3489ஆம் கிளையோ, மூன்று ஆண்டுக் கூட்டங்களில் பாதிக்காவது வந்திருக்க வேண்டும் என்றது. கேட்பதற்கு நல்ல விதி. ஆனால் 660 பேரில் 23 பேரே அதில் தேறினார்கள். 1977இல் அதுவும் செல்லாதென ஆனது. விதியின் நோக்கத்தோடு நில்லாமல், அது எத்தனை பேரை வெளியே தள்ளுகிறது என்பதையும் எடைபோடும் அளவுகோல் இவ்வாறு உருவானது.

வாக்குப்பதிவு தொடங்கிய பின்

பாஸ்டனில் சாமான் ஏற்றிச் செல்லும் தொழிலாளர்களின் 82ஆம் கிளை, 1980இல் வேட்பாளர் முன்மொழிவுக் கூட்டத்துக்குச் சந்தா ரசீது காட்டியவர்களை மட்டுமே உள்ளே விட்டது. உறுப்பினர்கள் வழக்குத் தொடுக்க, மாவட்ட நீதிமன்றம் நடந்துகொண்டிருந்த தேர்தலையே நிறுத்தியது. 1984இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறு பிழைகளைத் தேர்தலுக்கு இடையூறின்றித் திருத்தலாம். தேர்தலையே செல்லாததாக்கி மறுதேர்தல் நடத்தும் பரிகாரம் செயலர் வழியாகவே கிடைக்கும் என்றது.

முடிவுரை

தகுதி விதிகளைச் சோதிக்க நல்ல உரைகல்லை இந்தக் கால்நூற்றாண்டு தந்தது. வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே சரிபார்க்கும் வலுவான வழியை அது தரவில்லை. சங்கத்தின் தன்னாட்சியைக் காக்கவே அரசு விலகி நிற்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்தத் தன்னாட்சி உறுப்பினர்களுடையது, பதவியில் இருப்பவர்களுடையது அன்று. பட்டியலைப் பல வாரங்களுக்கு முன்பே வெளியிடுவதும், ஆட்சேபங்களைப் பதவியில் இல்லாத ஒரு நடுநிலையாளர் விசாரித்து முடிப்பதும் எந்த நாட்டுச் சங்கமும் தன் விதிகளிலேயே எழுதிக்கொள்ளக்கூடியவை. ஜனநாயகத்தை முதலாளியிடம் கோரும் சங்கம் முதலில் அதைத் தன் உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும்.