வார்சா நில ஆணை

வார்சா நில ஆணை: போரில் அழிந்த போலந்துத் தலைநகர் வார்சாவை மறுபடி கட்டுவதற்காக, நகர எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் நகராட்சிக்கு உரியதாக்கிய சட்டம். 1945 அக்டோபர் 26 அன்று பிறப்பிக்கப்பட்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசிய மக்கள் மன்றத் தலைவராக இருந்த போலெஸ்வாஃப் பியெரூட்டின் பெயரால் 'பியெரூட் ஆணை' என்றே பரவலாக வழங்குகிறது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1940இல் வரையப்பட்ட பாப்ஸ்ட் திட்டம் ஏறத்தாழ 13 லட்சம் பேர் வாழ்ந்த நகரைச் சிறிய ஜெர்மானிய ஊராகச் சுருக்க முனைந்தது. அதைச் செயல்படுத்தும் எண்ணம் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. அதே ஆண்டுகளில் போலந்துக் கட்டடக் கலைஞர்கள் மறைவாக நகரத் திட்டம் வரைந்தார்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவைத்திருந்த பழைய கட்டடங்களின் அளவுப்படங்கள், ஜெர்மானியருக்கு எதிரான 1944 எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகு பியோத்ர்கூஃப் மடாலயத்துக்குக் கடத்தப்பட்டு அங்கே ஒளித்துவைக்கப்பட்டன.

1945 பிப்ரவரியில் தலைநகர் மறுகட்டுமான அலுவலகம் அமைந்தது. வீதியை அகலப்படுத்தவோ பூங்கா அமைக்கவோ மனைக்கு மனை உரிமையாளரைத் தேடிப் பேசுவது ஆகாத காரியம். பலர் கொல்லப்பட்டிருந்தனர், பலர் வெளிநாட்டில் இருந்தனர், யூதக் குடும்பங்கள் பலவற்றில் வாரிசுகூட மிஞ்சவில்லை. ஆணை அந்த முடிச்சை ஒரே வெட்டில் அறுத்தது. நிலம் நகராட்சிக்குப் போனது. அதன்மேல் நின்ற கட்டடம் மட்டும் முந்தைய உரிமையாளரிடமே இருந்தது. பல மனைகளில் அந்தக் 'கட்டடம்' கருகிய முகப்புச் சுவர்தான். நகராட்சி நிலத்தைக் கையகப்படுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், நகரத் திட்டத்துக்கு முரணாகாத பட்சத்தில், பெயரளவுக் கட்டணத்தில் நீண்டகாலக் குத்தகை தரப்படும். விண்ணப்பம் தள்ளுபடியானால் கட்டடமும் நகராட்சிக்குச் சேரும். ஈடாக நகராட்சிப் பத்திரங்கள் உண்டு என்றது ஆணை. பத்திரங்களுக்கான விதிகள் வெளியிடப்படவே இல்லை. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. பதிலே வராமல் பல பத்தாண்டுகள் கிடந்தவையும் உண்டு. எத்தனை மனைகள் இதில் அடங்கின என்பதற்கு நூலுக்கு நூல் கணக்கு மாறுகிறது.

இந்த ஆணை இல்லாமல் மறுகட்டுமானம் அவ்வளவு விரைவாக நடந்திருக்காது என்பது ஒரு தரப்பு. உரிமையைப் பறிக்காமலே திட்டமிட வழிகள் இருந்தன என்பது மறு தரப்பு. பழைய நகரம் யான் ஸாக்வதோவிச்சின் மேற்பார்வையில், மீட்கப்பட்ட அளவுப்படங்களின் துணையோடு எழுந்தது. 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பெர்னார்தோ பெலோத்தோவின் காட்சிகளும் நகரின் மறுகட்டுமானத்துக்கு உதவின. அவர் சில முகப்புகளைத் தம் ரசனைக்கேற்பத் திருத்தி வரைந்தவர் என்பதால், இன்றைய வார்சாவில் எது பழைமை, எது ஓவியரின் கைவண்ணம் என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பழைய நகரம் 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

1950இல் உள்ளாட்சி அமைப்பு கலைக்கப்பட்டதும் நிலம் அரசுடைமையானது.

1989இல் கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு பழைய விண்ணப்பங்கள் உயிர்பெற்றன. உரிமைக் கோரிக்கைகளை விலைக்கு வாங்கும் வணிகம் முளைத்தது. நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டிய உரிமையாளர்களுக்கும் நீதிமன்றங்கள் காப்பாளர்களை நியமித்தன. 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இவற்றுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. சர்ச்சைக்குரிய சொத்து மீட்புகளை ஆராய 2017இல் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது.